சத்தமும் கூடாது, சும்மாவும் கூடாது

“ரோட்டு வரி கட்டுறவன் நான். குதிரை கட்டுதா?”

வந்ததும் வராததுமாகத் தவசியம்மாவிடம் பொம்முராசு கேட்டது இதுதான்.

தவசியம்மா ஏரிக்கு மேலே குடிசை போட்டுத் தனியாக இருந்த துறவி. பொம்முராசைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனசு கொதிக்கும்போதெல்லாம் பொம்முராசு அங்கேதான் போவார். அவருக்கு வாரம் ஏழு நாளும் கொதிக்கும்.

மலையில் விளையும் காரட்டைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றி, ஏரிச்சாலை வழியாகச் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் பிழைப்பு. அதே சாலையில் சுற்றுலா வந்தவர்கள் குதிரைச் சவாரி போவார்கள், வாடகை சைக்கிளில் வளைந்து வளைந்து போவார்கள். பொம்முராசு பின்னால் போய் ஹாரன் அடிப்பார்.

அன்றைக்கு அடித்ததில் ஒரு குதிரை மிரண்டு, மேலே இருந்தவரைக் கரைச்சேற்றில் உட்காரவைத்துவிட்டது.

குதிரைக்காரர் சங்கத் தலைவர் தாமசு வண்டியை மறித்தார். மறுபடி இப்படி நடந்தால் ஏரிச்சாலை உனக்குக் கிடையாது, மலையைச் சுற்றிப் போய்க்கொள் என்றார். சுற்றிப் போனால் சந்தை கலைந்த பிறகுதான் காரட் போய்ச் சேரும். வாங்க ஈ, காக்கை இருக்காது.

“ஹாரன் அடிக்கிறது மரியாதைம்மா. அடிக்காம தாண்டிப் போறவன் திருடன்னு சொல்லித்தான் லாரிக்காரரு எனக்கு வண்டி பழக்கினாரு.”

தவசியம்மா அடுப்பை மூட்டினார். டீ கொடுத்தார். பொம்முராசு உட்கார்ந்து ஊதிக் குடிக்கும்போது, பின்னால் போய், காதோரம் பூசைக்கு அடிக்கும் வெண்கலச் சேகண்டியை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

டீ முழுக்க வேட்டியில்.

பொம்முராசு வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினார். துறவியிடம் சொல்லக்கூடாததும் அதில் இரண்டு இருந்தது.

“வர்றேன்னு மரியாதையாச் சொன்னேன், அவ்வளவுதான்” என்றார் தவசியம்மா.

பொம்முராசு வேட்டியைப் பிழிந்தார். யோசித்தார். பேரத்துக்கு இறங்கினார். பாதி ஹாரன் அடிக்கலாமா? தூரத்திலிருந்து? சின்னதாக ஒன்றே ஒன்று?

தவசியம்மா சேகண்டிப் பக்கம் கையை நீட்டினார்.

“சரி, சரி. ஹாரனே வேணாம்” என்று எழுந்து ஓடினார் பொம்முராசு.

மறுநாளே திரும்பி வந்தார். வண்டியின் முன்விளக்கு ஒன்று கையில் இருந்தது. உடைந்த விளக்கு.

நடந்தது இது. முன்னால் ஒரு குதிரையைப் பார்த்திருக்கிறார். ஹாரன் அடிக்கவில்லை. இறக்கம்தானே என்று எஞ்சினையும் அணைத்துவிட்டுப் பூனை மாதிரி பின்னால் போயிருக்கிறார். குதிரைக்குச் சத்தம் கேட்கவில்லை. திடீரென்று பின்னால் ஏதோ நிற்கிறது. விட்டது ஒரு உதை. பக்கத்தில் போன சைக்கிள்காரரும் பயந்து பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

நாளைக்கு நானே குதிரையோடு வருவேன், அப்போதும் இப்படி நடந்தால் இந்தச் சாலையில் அதுதான் உனக்குக் கடைசி நாள் என்று தாமசு சொல்லிவிட்டாராம்.

பொம்முராசு இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தவசியம்மா எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. தண்ணீரில் நனைத்த கை ஒன்று பிடரியில் வந்து விழுந்தது.

பொம்முராசு போட்ட கூச்சல் ஏரியின் அக்கரை வரை கேட்டிருக்கும்.

“சத்தமே போடலையே நான்” என்றார் தவசியம்மா.

“சத்தமும் கூடாது, சும்மாவும் வரக்கூடாது. பின்ன எப்படித்தான் வந்து தொலையிறது?”

“இன்னைக்கு என் வாசலுக்கு எப்படி வந்தீங்க?”

“எப்படி வந்தேன்? எல்லாரும் வர்ற மாதிரிதான். படலுக்கு வெளியவே நின்னு, அம்மா, பொம்முராசு வந்திருக்கேன், உள்ள வரலாமான்னு…”

வாய் திறந்தபடியே நின்றது.

தவசியம்மா கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஏரிச்சாலை. தாமசு கயிற்றைப் பிடித்து நடந்தார். குதிரைமேல் கனத்த உடம்புக்காரர் ஒருவர், ஊரிலிருந்து வந்த சம்பந்தி மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

பொம்முராசு தூரத்திலேயே வண்டியை மெதுவாக்கினார். சன்னலில் தலையை நீட்டினார்.

“அண்ணே, பொம்முராசு வந்திருக்கேன். வரலாமா?”

குதிரை ஒரு காதைப் பின்பக்கம் திருப்பியது. அவ்வளவுதான். மிரளவில்லை.

தாமசு திரும்பிப் பார்த்தார். பாலம் குறுகல், தாண்டின பிறகு வா என்று கைகாட்டினார். பொம்முராசு பின்னாலேயே ஊர்ந்தார். ஊர்வதில் ஒரு சுகம் இருந்தது. ஏரியில் தண்ணீர் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தார். எதிரே வந்த சைக்கிள் பெண்களுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே மணி அடித்துப் போனார்கள்.

அப்போது பின்னால் வந்த சுற்றுலாக் கார் ஒன்று ஹாரனில் கை வைத்தது. வைத்த கையை எடுக்கவில்லை.

குதிரையின் கழுத்து விறைத்தது. சம்பந்தி பிடரி மயிரைக் கட்டிக்கொண்டார்.

பொம்முராசு வண்டியை நிறுத்தி இறங்கினார். பழைய கொதிப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கினார். கார் சன்னலுக்குப் பத்தடி தள்ளி, டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றார்.

“தம்பி, வரலாமா?”

கார்க்காரர் திகைத்து ஹாரனை விட்டார். ஏன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

“முன்னால மூணு பேர் போறாங்க. பாலத்தைத் தாண்டட்டும்.”

கார்க்காரர் எட்டிப் பார்த்தார். “ரெண்டு பேருதானே இருக்காங்க?”

“நல்லாப் பாருங்க” என்றார் பொம்முராசு. “நடுவுல இருக்கிறவருக்கு நாலு கால்.”

பாலத்தின்மேல் தாமசு சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றுவிட்டார்.

“பொம்முராசு, நாளைக்கும் இந்த வழியாத்தானே வருவீங்க?”