நிதிக் குழுத் தலைவர் பரிமாறிய கூட்டாஞ்சோறு

"யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் திட்டுறாங்க தாயே!"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வைரவநாதன் இதைச் சொல்லிவிட்டார்.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார். மடி நிறைய அவரைக்காய். நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு எதைக் கொடுத்தீங்க?"

"மாநிலங்களுக்கு. வரிப்பணத்தை."

"யாரு கட்டின வரி?"

"அவங்க கட்டினதுதான்."

"ம்," என்றார் உலகம்மை. இன்னொரு அவரைக்காயை எடுத்தார்.

வைரவநாதனுக்கு வயது அறுபத்தெட்டு. உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் மலைமேல் மடம் நடத்தும் உலகம்மைதான் குரு, இவர் சீடர். பதவி கிடைக்கும்போது வராமல், பதவி கழுத்தைப் பிடிக்கும்போது மட்டும் மலையேறி வருகிற சீடர்.

இந்த முறை கிடைத்தது நிதிக் குழுத் தலைவர் பதவி. அந்த நாட்டில் மாநிலங்கள் ஐந்து. ஐந்திலும் வசூலாகும் வரி ஒரே பொதுப் பெட்டிக்கு வரும். தலைநகரம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரித்துத் தரும். எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கொடுப்பதுதான் வைரவநாதனின் வேலை.

"மூணு திட்டம் வச்சிருக்கேன் தாயே. ஒண்ணு, ஆள் கணக்குப்படி. இன்னொண்ணு, அதிகமா கட்டினவங்களுக்கு அதிகம். மூணாவது, இல்லாதவங்களுக்கு அதிகம். எதைக் காட்டினாலும் ரெண்டு பேர் கையைத் தட்டுறாங்க, மூணு பேர் மேஜையைத் தட்டுறாங்க."

"தட்டட்டுமே."

"திங்கக்கிழமை கூட்டம். பெரிய மாநிலம் ரெண்டும் எழுந்து போயிடுவோம்னு சொல்லியாச்சு. அவங்க வரியை அவங்களே வச்சுக்குவாங்களாம். அப்படிப் போனா பொதுப் பெட்டின்னே ஒண்ணு இருக்காது. மலை மாநிலத்துல ஆஸ்பத்திரியே இந்தப் பணத்துலதான் ஓடுது. அதை இழுத்து மூடணும். பிரசவ வலி எடுத்த பொம்பளை எங்க போவா?"

நடிப்பில்லை. மனிதருக்கு உண்மையிலேயே பயம்.

உலகம்மை அவரைக்காயைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிட? ராத்திரிலேருந்து தொண்டையில இறங்கல."

"ரொம்ப நல்லது. இன்னிக்குக் கூட்டாஞ்சோறு. நீங்கதான் பரிமாறப் போறீங்க."

"நான் கேட்டது வேற தாயே."

"தெரியும். வாங்க."

மலையடிவாரத்தில் ஐந்து ஊர்கள். அறுப்பு முடிந்ததும் ஐந்தும் மடத்து வாசலில் கூடும். ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்ததை ஒரே அண்டாவில் போட்டுப் பொங்குவார்கள். வெந்ததும் ஊருக்கு ஒரு குண்டானாகப் பங்கு வைப்பார்கள். அவரவர் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பங்கு வைக்கிறவர் மட்டும் வெளியாளாக இருக்கவேண்டும். உள்ளூர்க் கை உள்ளூர்ப் பக்கமே சாயும் என்பது அவர்கள் அனுபவம்.

வைரவநாதனைப் பார்த்ததும் ஐந்து ஊருக்கும் சந்தோஷம்.

"பெரிய ஆபீசராமே! நாட்டுக்கே பங்கு வைக்கிறவராம்!"

அவருக்கும் கொஞ்சம் மனசு குளிர்ந்துதான் போயிற்று. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"யார் யார் என்ன கொண்டுவந்தீங்க?"

"அரிசி எங்களது," என்றாள் நடுவூர் பவளக்கொடி. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். "அரிசி இல்லாம கூட்டாஞ்சோறா? எங்க குண்டான்ல நிறையவே போடுங்க."

"பருப்பு எங்களது."

"காய் எங்களது."

"புளி, உப்பு, மிளகாய், நெய், முந்திரி எல்லாம் எங்களது. நாங்க இல்லன்னா இதை மாடுகூடத் தின்னாது."

காட்டுப்பட்டிக்காரர்கள் ஓரமாக நின்றார்கள்.

"நீங்க?"

"விறகுங்க," என்றார் அவர்களில் மூத்தவரான இருளாண்டி.

வைரவநாதன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"விறகு இதுல எங்க இருக்கு?"

"எரிஞ்சுபோச்சுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். பவளக்கொடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எரிஞ்சுபோனதுக்குப் பங்கா? கரிதான் கிடைக்கும்!"

"அப்படியா அக்கா? அடுத்த வருஷம் அரிசியை வெயில்ல வேகவச்சுக்குங்க," என்றார் இருளாண்டி.

இன்னும் பெரிய சிரிப்பு. இந்த முறை பவளக்கொடியும் சேர்ந்துகொண்டாள்.

வைரவநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மனுஷர் இதற்கென்றே பிறந்தவர். எந்த ஊரில் எத்தனை வாய் என்று கேட்டார். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எத்தனை என்று கேட்டார். அரிசிக்கும் மதிப்புக் கொடுத்தார், எரிந்துபோன விறகுக்கும் கொடுத்தார். மூன்று திட்டத்தையும் ஒன்றாகக் கலந்து நல்லதாக ஒரு கணக்கு மனதுக்குள் போட்டார்.

முதலில் மடத்துக்கு வழக்கமான பங்கு. அதை உலகம்மையே எல்லோர் முன்னாலும் அள்ளித் தன் பாத்திரத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு வைரவநாதன் கரண்டியை வாங்கினார். பக்கத்தில் கிடந்த வாளியை இழுத்தார். நெய்யும் முந்திரியும் மிதக்கிற இடமாகப் பார்த்து அள்ளி வாளியை நிரப்பினார். மேலே ஒரு வாழை இலையைப் போட்டு மூடிக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அரசாங்கத்திலேயே பழகின கை, சும்மா இருக்குமா?

அப்புறம்தான் பங்கு ஆரம்பித்தது.

நடுவூருக்கு இவ்வளவு. காட்டுப்பட்டிக்கு இவ்வளவு. ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. ஐந்து குண்டானும் ஆயிற்று. அண்டாவும் காலி.

யாரும் குண்டானைத் தூக்கவில்லை.

"என்னாச்சு? எடுத்துக்குங்க."

"எங்களுக்கு ஒரு கரண்டி குறையுதுங்க," என்றது பருப்பு.

"காட்டுப்பட்டிக்கு ஒரு கரண்டி கூடுதல்," என்றது காய்.

பவளக்கொடி இடுப்பில் கை வைத்து நின்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

வைரவநாதன் காட்டுப்பட்டிக் குண்டானிலிருந்து எடுத்துப் பருப்பு ஊருக்குப் போட்டார். இருளாண்டியின் முகம் சுருங்கிற்று. அதைப் பார்த்துப் பதறி, நடுவூர்க் குண்டானிலிருந்து எடுத்துக் காட்டுப்பட்டிக்குப் போட்டார். நடுவூரே எழுந்து நின்றது. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு. சோறு ஆறிக்கொண்டிருந்தது. சற்று முன்னால் சேர்ந்து சிரித்தவர்கள் இப்போது ஒருவர் குண்டானை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"அடுத்த வருஷம் நாங்க எங்க ஊர்லயே பொங்கிக்கிறோம்," என்றாள் பவளக்கொடி.

வைரவநாதனுக்கு வியர்த்துவிட்டது. இந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கோட்டு போட்டவர்கள் சொல்லி.

"தாயே! நீங்களே பாக்குறீங்க இல்ல? சரியான கணக்கு எதுன்னு சொல்லிடுங்க."

உலகம்மை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஊரு எத்தனை?"

"அஞ்சு."

"மடத்துப் பாத்திரம் என் கையில இருக்கு. அதை விடுங்க. அங்க பாத்திரம் எத்தனை?"

வைரவநாதன் விரலை நீட்டி எண்ணினார். ஐந்து குண்டானைத் தாண்டி விரல் அவர் காலுக்குப் பின்னால் போய் நின்றது.

"ஆறு."

"ஆறாவது எந்த ஊரு?"

வைரவநாதன் வாளியைப் பார்த்தார். இலைக்குக் கீழேயிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"அது... எதுக்கும் இருக்கட்டும்னு."

"எதுக்கு?"

"யாராவது திடீர்னு வந்தா? எங்கயாவது பத்தாம போனா?"

"யாராவது வந்தாங்களா?"

"இல்ல."

"பத்தலையா?"

ஐந்து குண்டானும் அவர் முன்னால் இருந்தன.

வைரவநாதன் பவளக்கொடியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் எடுத்து வச்சதை நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தோமே."

"அப்ப ஏன் கேக்கல?"

"நல்லா இருக்கே! விருந்தாளி எடுத்து வச்சதைப் போய் என்னன்னு கேப்பாங்களா? எங்களுக்கு மரியாதை தெரியாதா?" என்றாள் பவளக்கொடி. "அதான் கரண்டியைப் பத்திக் கேட்டோம்."

வைரவநாதன் வெட்கத்தில் சிவந்தார். அறுபத்தெட்டு வயதிலும் அது முடிகிறது.

இலையை எடுத்தார். வாளியை ஐந்து குண்டானிலும் கவிழ்த்தார். இந்த முறை கணக்குப் போடவில்லை. கண்ணுக்குத் தோன்றியபடி ஊற்றினார். நடுவூருக்குக் கொஞ்சம் குறைந்தேகூட விழுந்திருக்கும்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முந்திரியைப் பார்த்த சந்தோஷத்தில் குண்டான்கள் தாமாகவே மேலே எழுந்தன. பவளக்கொடி போகிற போக்கில் தன் குண்டானிலிருந்து ஒரு கரண்டி அள்ளி இருளாண்டியின் குண்டானில் போட்டாள்.

"விறகுக்கு," என்றாள். "அடுத்த வருஷம் ஈர விறகு கொண்டாந்தீரு, அப்புறம் இருக்கு உமக்கு."

மரத்தடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐந்து ஊரும் வைரவநாதனைத் தங்கள் பக்கம் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டன. அவர் ஐந்து இடத்திலும் உட்கார்ந்தார். ஐந்து இடத்திலும் சாப்பிட்டார்.

கை கழுவப் போனபோது அவருடைய போன் அடித்தது. மடத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தத் தண்ணீர்த் தொட்டியடிதான். பேசியது குழுவின் செயலாளர் பரிமளம்.

"ஐயா, அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க. மூணு திட்டத்துல எதைக் கொடுக்கட்டும்?"

"மூணையும் கலந்து ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க. அதுக்கு முன்னால வேற ஒண்ணு. பாலத்துக்குன்னு ஒரு தனி வரி, துப்புரவுக்குன்னு ஒரு தனி வரி, எதுக்குன்னே தெரியாம ஒரு தனி வரி. இதெல்லாம் வசூல் பண்ணித் தலைநகரத்துலயே வச்சுக்கிறோமே, மொத்தத்தையும் பொதுப் பெட்டியில கொட்டுங்க. அப்புறம்தான் பங்கு."

"ஐயா... அது பெட்டிக்கே வராத பணம். எந்த மாநிலமும் இதுவரைக்கும் அதைக் கேட்டதில்லையே."

"இவங்களும் கேக்கல," என்றார் வைரவநாதன், மரத்தடியைப் பார்த்தபடி.

"எவங்க ஐயா?"

"எழுதிக்குங்க பரிமளம்."

"எழுதிட்டேன். ஆனா அமைச்சர் என்னைத்தான் கூப்பிட்டுக் கத்துவாரு. தலைநகரத்துப் பங்கை எடுக்கிற மாதிரி இதையும் ஏன் எடுக்கக்கூடாதுன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

வைரவநாதனின் கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் நெய் இருந்தது. அதை நக்கிக்கொண்டார்.

"நாட்டு வரைபடத்தை அவர் முன்னால விரிச்சு வைங்க. ஆறாவது மாநிலம் எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க."