கை கொடுக்காத ஹீலியம்

இந்தக் கதை என்னிடம் நேராக வரவில்லை. ஆய்வகத்தில் திரவ ஹீலியம் நிரப்பும் பிரான்சிஸ் சொன்னதை என் அறைத்தோழி தமயந்தி கேட்டுவந்து எனக்குச் சொன்னாள். வழியில் ஏதாவது கூடியிருக்கலாம். கேட்டபடியே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில், திரவங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, குளிர் வீடு வீடாகப் போவான். போகிற இடமெல்லாம் ஒரே பேச்சுதான்: "கையைக் கொடு." கொடுத்தவர்கள் அப்படியே இறுகிக் கட்டியாகிவிடுவார்கள். தண்ணீர் கொடுத்தாள். நைட்ரஜன் கொடுத்தான். ஹைட்ரஜனும் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். மிச்சம் அவள் தம்பி ஹீலியம் மட்டும்.

அவனுக்குச் சும்மா இருக்க வராது. ஆட்டம் நின்றால் தான் செத்த மாதிரி என்று நினைப்பான்.

"கையைக் கொடுடா," என்றான் குளிர்.

"கொடுத்தால் ஆட முடியாதே, மாமா."

"உன் அக்காவைப் பார், எவ்வளவு அடக்கம்!"

"அடக்கமா? மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாமல் தவிக்கிறாள்!"

"வாயாடி!" என்று சீறினாள் ஹைட்ரஜன். "நாளைக்குச் சூடு வருவான். எங்களுக்குள் பிடிமானம் இருக்கிறது. கொதிக்கும் எல்லை தாண்டியும் கொஞ்ச தூரம் குமிழி விடாமல் அடக்கிக்கொள்வோம். உனக்கு என்ன இருக்கிறது?"

அக்கா சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரியும். தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். குளிரின் விரல் பட்டதும் உள்ளே ஆட்டம் தளர்ந்தது. பதறிப்போய்க் கையை உருவிக்கொண்டான்.

குளிர் கோபப்படவில்லை. "சரி, இனி எவ்வளவு நெருங்கினாலும் உன்னை இறுக்க மாட்டேன். ஆனால் பிடிமானம் இல்லாத நீ, சூடு தொட்டால் தாங்க மாட்டாய். கொஞ்சம் மிஞ்சினாலும் பொங்கிப் பறந்துவிடுவாய். சம்மதமா?"

"பறப்பதும் ஆட்டம்தானே, மாமா!"

மறுநாள் சூடு வந்து லேசாகத் தொட்டான். ஹீலியம் மூச்சை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. குபுகுபுவென்று பொங்கினான். அக்கா கைகொட்டிச் சிரிக்க நினைத்தாள், கை வரவில்லை. ஹீலியம் சிரித்துக்கொண்டே மேலே போனான்.

அன்று முதல்தான் மற்றவர்களெல்லாம் உறையும் குளிரிலும் ஹீலியம் திரவமாகவே ஆடிக்கொண்டிருக்கிறான். சூட்டை மட்டும் அடக்கத் தெரியாமல் இருக்கிறான்.

பிறகு நான் சரிபார்த்தேன். தண்ணீரைக் கவனமாகச் சூடாக்கினால், கொதிநிலைக்கு மேல் இன்னும் நூறு டிகிரிக்கும் அதிகமாகக் கொதிக்காமல் கொண்டுபோக முடியும். சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவ ஹீலியத்தை அப்படி அரை டிகிரிகூடக் கொண்டுபோக முடியாது. எவ்வளவு குளிரிலும் நிற்காத அதன் அணுக்களின் குவாண்டம் அசைவு, அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துவைக்கும் பிடிமானத்தைத் தளர்த்திவிடுகிறது. அதே அசைவுதான் அந்த அழுத்தத்தில் அதை உறையவும் விடுவதில்லை.