திரைக்கு மேலே தெரிந்த குடுமி

கொத்தளம்பட்டணத்து ராஜா அளகேச பூபதிக்குக் கணக்கு என்றாலே தூக்கம். மந்திரி "நெல் வரவு" என்று வாயைத் திறந்தால் போதும், ராஜா விடுகிற குறட்டையில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துவிடும். ஆகவே ஒரு கட்டளை போட்டார்.

"நான் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் ராஜ்யத்து வியாபாரம் மொத்தமும் கண்ணில் தெரியவேண்டும்."

அன்றிலிருந்து கொலுமண்டபச் சுவரில் தென்னை மரங்கள் முளைத்தன. சந்தைக்கு ஒரு மரம். வியாபாரம் எவ்வளவோ, தரையிலிருந்து மரம் அவ்வளவு உயரம். தை பிறந்ததும் சித்திரக்காரர் அழித்துப் புதிதாக எழுதுவார். ராஜா மெல்லுவார், பார்ப்பார், துப்புவார். ராஜ்ய பரிபாலனம் முடிந்தது.

இந்தத் தையில் ராஜாவுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. சுவரில் புதிதாகத் தொங்கிய மயில் பட்டுத்திரைக்கு மேலே நான்கு மரங்கள் ஆள் உயரம் நின்றன. ஐந்தாவது, நொச்சியூர்ச் சந்தை, கத்தரிச்செடி போல முழங்கால் உயரம்.

"என்ன ஓய் இது?"

கணக்கு மந்திரி ஆபத்சகாயம் கை கட்டினார். "செத்த சந்தை, மகாராஜா. மூடிவிட்டு என் மைத்துனர் ஊரில் ஒன்று திறந்தால் நாடு பிழைக்கும்."

"பௌர்ணமியோடு மூடும்."

சபை ஓரத்தில் வேம்பையனுக்கு வியர்த்தது. ராஜாவுக்குப் பேச்சுத்துணையாக இருந்து சம்பளம் வாங்குகிறவன் அவன். நொச்சியூர் அவனுடைய மாமியார் ஊர். மாமியார், மூன்று மைத்துனர்கள், அவர்கள் ஆடுகள், எல்லாரும் அந்தச் சந்தையை நம்பித்தான் உயிர் வாழ்ந்தார்கள். சந்தை போனால் நேரே வந்து இறங்குவது அவன் வீட்டில்தான்.

போன வாரம் அந்தச் சந்தை நெரிசலில் செருப்பைத் தொலைத்தவன் அவன். செத்த சந்தையில் செருப்பு எப்படித் தொலையும்?

"திரை எதற்கு, மந்திரியாரே?"

"கீழே சுவர் ஈரம். அசிங்கம் தெரியக்கூடாதல்லவா?"

"நல்ல யோசனை" என்றான் வேம்பையன். வீட்டுக்குப் போய் யோசித்தான்.

மறுநாள் ராஜா வந்தபோது மண்டபத்தின் நடுவே இரண்டு சேவகர்கள் ஒரு பட்டுத்துணியைக் குறுக்கே பிடித்து நின்றார்கள். அதற்கு மேலே வாயிற்காவலன் சடையனின் தலையும் தோளும் தெரிந்தன. பக்கத்தில் எலிவால் மாதிரி ஏதோ ஆடியது.

"அது என்னப்பா வால்?"

"நம் கணக்கு மந்திரி, மகாராஜா. பொன்னாடை போர்த்தப்போகிறார்கள், நில்லுங்கள் என்றேன், நின்றுவிட்டார். சுவரில் கற்ற அளவைப்படி, திரைக்கு மேலே தெரிவதை மட்டும் அளந்தேன். ஆள் நாலு விரல்தான். சடையன் அவரைப்போல ஆறேழு மடங்கு. நாலு விரல் ஆசாமிக்கு எதற்கு ஒரு பானைச் சோறு? இனி ஒரு கரண்டி போதும், மீதி சடையனுக்கு என்று மடைப்பள்ளியில் சொல்லிவிட்டேன்."

திரைக்குப் பின்னால் சடையன் நாக்கைச் சப்புக்கொட்டுவது கேட்டது. குடுமி துள்ளியது.

"அநியாயம், மகாராஜா. எனக்கு வயிறு இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, இரண்டு கால் இருக்கிறது. எல்லாம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. இந்தத் தடியன் என்னைவிட ஒரு முழம்தான் உயரம்."

"அப்படியா சங்கதி" என்ற வேம்பையன் சுவரோரம் போய் மயில் திரையின் நுனியைப் பிடித்தான். "நொச்சியூருக்கும் கால் இருக்கிறதா, பார்த்துவிடலாம்."

ஒரே இழுப்பு. திரை விழுந்தது. ஐந்து மரங்களும் தரையிலிருந்து நெடுநெடுவென்று நின்றன. மற்றவற்றைவிட நொச்சியூர் கால்பங்குகூடக் குறையவில்லை. சுவரில் ஈரமும் இல்லை. மந்திரியின் நெற்றியில்தான் இருந்தது.

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச்சாறு சிம்மாசனமெல்லாம் தெறித்தது. "நொச்சியூர்ச் சந்தை நடக்கட்டும். இனி எந்த மரமானாலும் வேர் தெரியவேண்டும். மந்திரிக்கு இந்த மாதம் பூராவும் கரண்டிச் சோறுதான். மீதியை மைத்துனர் அனுப்பட்டும். வேம்பையா, உனக்கு என்ன வேண்டும்?"

"வேகமான குதிரை ஒன்று, மகாராஜா. சந்தை மூடவில்லை என்று உடனே நொச்சியூருக்குச் சொல்லி அனுப்பவேண்டும்."

"அவ்வளவு அவசரமா?"

"மாமியார் நேற்றே மூட்டை கட்டிவிட்டார்."

ராஜாவுக்கும் மாமியார் உண்டு. இரண்டு குதிரையாகக் கொடுத்தார்.