மஞ்ச மாத்திரை போன வழி

ஒரு ஊர்ல ஒரு மஞ்ச மாத்திரை இருந்துச்சாம். சளி மாத்திரை. "ம்" சொல்லுடி, அப்பதான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊர்ல ஒரு அம்மாவுக்கு மூக்கு சளசளன்னு ஒழுகுச்சு. கையில ரெண்டு மாசப் பாப்பா. டாக்டர்ட்ட போக சோம்பல். மெடிக்கல் கடையில போயி, "சளிக்கு நாலு மாத்திரை குடுங்கண்ணே"ன்னு வாங்கிட்டா. பால் குடுக்கிறேன்னு வாயத் தொறந்து சொல்லல, கூச்சமாம் கூச்சம்! சீக்கிரம் கேக்கட்டும்னு ஒண்ணுக்கு ரெண்டா லபக்குன்னு முழுங்கிட்டா.

அப்புறம் மாத்திரை வயித்துல கரைஞ்சு, குடல் வழியா ரத்தத்துல ஏறிடுச்சு. மூக்குக்குத்தான போட்டா? அதுக்கென்ன விலாசமா தெரியும்! ரத்தம் போற தெருவெல்லாம் குடுகுடுன்னு ஓடுச்சு. முதல்ல ஈரல். அது கொஞ்சத்தப் புடிச்சு உடைச்சுப் போட்டுச்சு. மிச்சம் தப்பிச்சு மூளைக்குப் போச்சு. அங்க காவல் பலம், ஆனா இது நைசா நுழைஞ்சிடுச்சு. அம்மாவுக்குக் கண்ணு சொக்குச்சு. மூணாவதா எங்க போச்சு தெரியுமா?

"மூக்குக்கா?"

மூக்குக்கும்தான். பாலுக்கும் போச்சுடி தங்கம்.

அப்போ பாப்பா மொச்சு மொச்சுன்னு பால் குடிச்சுட்டுத் தூங்குச்சு. மத்தியானம் ஆச்சு, சாயங்காலம் ஆச்சு, முழிக்கவே இல்ல. உள்ளங்கால சுண்டினாலும் அழல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க.

நர்ஸ் கேட்டாங்க, "நீ ஏதாவது மாத்திரை போட்டியாம்மா?" பக்கத்துல மாமியார். "இல்லக்கா"ன்னுட்டா. டாக்டர் கேட்டார். "இல்ல சார்"ன்னுட்டா. மாத்திரை அட்டை இடுப்புல குத்திக்கிட்டே இருக்கு.

அப்போ டாக்டர், "மூளைக் காய்ச்சலான்னு பாக்கணும், முதுகுல ஊசி குத்தி நீர் எடுக்கணும். கடைசியா கேக்குறேன், ஏதும் போட்டியா?"ன்னார். பாப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சாச்சு. அம்மா படக்குனு அட்டைய எடுத்து நீட்டிட்டா. தலை நிமிரவே இல்ல. யாரும் திட்டல. திட்டியிருந்தா தேவலாம்போல இருந்துச்சு.

ஊசிய ஓரமா வச்சுட்டு, பாப்பா மூச்சையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மருந்து கொஞ்சம் கொஞ்சமா மூத்திரத்துல எறங்குச்சு. மறுநாள் காலையில "வீல்"னு ஒரு அழுக!

"அந்த அம்மா யாரு?"

யாரோ ஒரு அம்மா.

பாரு, மறுபடியும் பொய் சொல்றேன். நான்தாண்டி அது. பாப்பா நீதான். இப்பவும் உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கு.

"ம்."

சரி, ஊரெல்லாம் சுத்துன கதை வீட்டுக்கு வந்துடுச்சு, கண்ண மூடு. ராத்திரி நடுவுல ஒருதடவ உன்ன அசைச்சுப் பாப்பேன். ஆறு வருசமா அப்படித்தான், கோவிச்சுக்காத.