ஆறு கோல்கீப்பர்கள்

கோச் தனசிங்கின் கல்லூரிக் கால்பந்து அணியில் பதினொரு பேரும் சொந்த கோல் முன்னால் சுவர் மாதிரி நிற்பார்கள். அதுதான் அவர் பாணி. அதனாலேயே கோல் அடிக்கிற பையன் எவனும் அங்கே சேருவதில்லை.

"கோல் அடிக்கிறவனாப் பார்த்துக் கூட்டிட்டு வா. இல்லேன்னா உன் வேலை போச்சு" என்றார், மைதான உதவியாள் ஜெரோமிடம்.

ஜெரோம் கடற்கரையில் அலைந்து, அங்கே பந்தாடிய பையன்களில் கோல் அடிக்கும் ஆறு சூரன்களைப் பிடித்தான். முதலில் கல்லூரி மேட்ச் ஒன்றைப் பார்க்க வைத்தான்.

மேட்ச் முடிந்ததும், பார்க்க வந்திருந்த பிரின்சிபால் அவர்களிடம் கேட்டார், "எந்த இடத்துல ஆடுவீங்க?"

ஆறு பேரும், "கோல்கீப்பர் சார்."

"கீப்பர்களையாடா கூட்டிட்டு வரச் சொன்னேன்?" என்று பாய்ந்தார் கோச்.

"எல்லாரும் கோல் அடிக்கிறவங்கதான் சார்" என்றான் ஜெரோம். "நம்ம டீம்ல ஆசை தீரப் பந்தைத் தொட்டது கீப்பர் மட்டும்தான்னு இப்பப் பார்த்துட்டாங்க."

அடுத்த மேட்சில், பிரின்சிபால் சொன்னபடி, கல்லூரி அணியில் நாலு பேர் நடுக்கோட்டைத் தாண்டி எதிர் கோல் பக்கம் ஓடினார்கள். கோச் கண்ணை மூடிக்கொண்டார்.