பிடித்தம் போக மீதி

முன்னொரு காலத்தில், ராசாக்களுக்கு வேலை கம்மியாகவும் ஆசை ஜாஸ்தியாகவும் இருந்த நாளில், ராசகம்பீரன் என்று ஒரு மன்னன் இருந்தான். அரண்மனைச் சம்பளத்தை மனுசன் கணக்குப் போட்டால் தப்பு வரும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதற்காகவே பொக்கிஷக்காரர் அகோரமூர்த்தி ஒரு கணக்குப்பொறி செய்து வைத்திருந்தார். சக்கரத்தைச் சுற்றினால் ஆளுக்குரிய காசு கீழே விழும். நாலு தட்டு தட்டினால்தான் விழும், அது வேறு விஷயம்.

ஒருநாள் சபையில் அகோரமூர்த்தி எழுந்து, பொறிக்கு அடுத்த மாதம் வரப்போகும் புது வசதிகளை அடுக்கினார். லீவு போட்டவனை அதுவே கண்டுபிடிக்குமாம். கூடுதல் நேரம் உழைத்தவனுக்கு அதுவே கூட்டிக் கொடுக்குமாம். எல்லாவற்றுக்கும் மேலே, பிடித்தம் என்று ஒரு தனிச் சக்கரமாம். தாமதமாக வந்தால், தூங்கி வழிந்தால், சபையில் சிரிப்பு மூட்டினால் சம்பளத்தில் கழித்துவிடுமாம். கடைசியைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் விகடகவி தோணியப்பன் மேல் இருந்தது.

தோணியப்பன் பிழைப்பே சிரிப்பு மூட்டுவதுதான். மகளுக்கு வளைகாப்பு வேறு வருகிறது. சம்பளத்தை நம்பி வளையல்காரரிடம் சொல்லி வைத்திருந்தான். பிள்ளைத்தாய்ச்சியின் வளையலிலா கை வைப்பான் பாவி என்று உள்ளுக்குள் எரிந்தது.

மன்னனுக்கோ ஒரே குஷி. பொறி வரும்போது வரட்டும் என்று அங்கேயே ஆணை போட்டுவிட்டான்.

"இன்று முதல் அரண்மனையில் எவருக்குப் பிடித்தம் இருந்தாலும் தயவு தாட்சண்யமின்றிக் கழிக்கப்படும். யாம் உட்பட."

யாம் உட்பட என்றது சும்மா ஒரு ஜம்பத்துக்கு. தோணியப்பன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் மன்னன் சாப்பிட உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் நின்றான். வாழைக்காய் வறுவல் பிடித்தமா என்று பணிவாகக் கேட்டான். மன்னன் வாயெல்லாம் பல்லாக, ரொம்பப் பிடித்தம் என்றான். வறுவலைக் காணோம். அப்பளமும் பிடித்தம்தான்; அதுவும் போயிற்று. பாயசம் போயே போயிற்று. இலையில் மிஞ்சியது, மன்னன் ஜென்மத்துக்கும் தொடாத பாகற்காய்.

"தோணியப்பா, என்ன விளையாட்டு இது?"

"தங்கள் ஆணைதான், பிரபு. பிடித்தத்தைக் கழிக்கச் சொன்னீர்கள், கழித்துவிட்டேன். மீதி இலையில் இருக்கிறது."

அகோரமூர்த்தி அலறியடித்து ஓடிவந்து, அந்தப் பிடித்தம் வேறு, இந்தப் பிடித்தம் வேறு என்று விளக்கப் பார்த்தார். தோணியப்பன் விடுவானா?

"ஆணையில் வேறு என்று எழுதவில்லையே ஐயா. அது கிடக்கட்டும், மன்னர்மேல் உமக்குப் பிடித்தம் உண்டா, இல்லையா?"

உண்டு என்றால் சம்பளம் போச்சு, இல்லை என்றால் தலை போச்சு. பொக்கிஷக்காரர் திருதிருவென்று முழித்தார். மன்னன் அந்த முழியைப் பார்த்தான், பாகற்காயைப் பார்த்தான். வந்ததே ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆணையைக் கிழித்துப் போட்டு, பிடித்தச் சக்கரம் என்ற பேச்சே இனி எடுக்கக்கூடாது என்றான். வளைகாப்பு விஷயம் காதில் விழுந்ததும் ஒரு பெட்டி நிறையப் பொன் வளையல் கொண்டுவரச் சொல்லி, தோணியப்பன் முன்னால் திறந்து வைத்தான்.

"இதில் எது உனக்குப் பிடித்தம்?"

தோணியப்பன் பாய்ந்து பெட்டியைக் கட்டிக்கொண்டான்.

"எனக்குப் பிடித்தமே கிடையாது, பிரபு. முழுசாகக் கொடுங்கள்."

மன்னனுக்கு மறுபடியும் சிரிப்பு. பெட்டி அப்படியே வீடு போய்ச் சேர்ந்தது. வளைகாப்பன்று மகளுக்கு முழங்கை வரைக்கும் வளையல்.