நூல் இல்லாம ஓடுன மெஷின்

ஒரு ஊர்ல ஒரு தையக்காரி இருந்தா, வேலம்மான்னு பேரு. ம் கொட்டு கண்ணு. நீ கொட்டலேன்னா உனக்கு முன்னாடி நான் தூங்கிருவேன், இன்னைக்கு எனக்கே முடியல.

அந்த வேலம்மாகிட்ட ஒரு மிதி மெஷின் இருந்துச்சு. காலையில கட கட கட கடன்னு ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடும். பள்ளிக்கூடத்துப் பாவாடை, கல்யாண ரவிக்கை, தலையணை உறைன்னு தச்சுக்கிட்டே இருப்பா. வயித்துல பிள்ளை வந்த அப்புறமும் ஓடுச்சு. வயிறு பெருசாகி மெஷின் பலகையில இடிக்கிற வரைக்கும் ஓடுச்சு. ஆனா ஊருக்கெல்லாம் தச்சவ தன் பிள்ளைக்கு மட்டும் ஒரு துண்டுத் துணி தைக்கல. ஏன்னு கேளு. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு தைக்கக்கூடாதாம், அந்தப் பக்கத்து வழக்கம். சரி, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வேணும், பொறந்ததும் ஒரு மத்தியானத்துல தச்சுத் தள்ளிரலாம்னு இருந்துட்டா.

பொறந்தது ஒண்ணா? ரெண்டு. ஒரு ஆணு, ஒரு பொண்ணு. அதுவும் நல்ல அடைமழையில.

ம்.

ரெண்டும் மாத்தி மாத்தி சொர்ர்ருன்னு நனைக்குதுங்க. இத மாத்தினா அது, அத மாத்தினா இது. துவைச்சுப் போட்டது கொடியில ஈரம் சொட்டிக்கிட்டே தொங்குது. வேலம்மா புருஷன் லாரி ஓட்டப் போனவன், மழைத் தண்ணியில பாலம் முங்கி எங்கயோ மாட்டிக்கிட்டான். ஒத்தாசைக்கு வந்தது புருஷனோட அக்கா இசக்கியம்மா. அவளை மதினின்னு கூப்பிடுவா. மதினி நல்லவதான், ஆனா வாய் இருக்கே, கத்தரிக்கோல் மாதிரி. வந்த உடனே என்ன பண்ணா தெரியுமா? மெஷின் மேல ஒரு போர்வையைப் போத்தி, அதுக்கு மேல வெங்காயக் கூடையைத் தூக்கி வச்சுட்டா. பச்ச உடம்புக்காரி மெஷின் மிதிக்கக்கூடாது, இடுப்பு விட்டுப்போகும்னுட்டா.

வேலம்மாவுக்கு அப்போ வேண்டியதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், தூக்கம். பொறந்த நாள்லருந்து கண்ணு அசரல. சோறு வாயில இருக்கும்போதே தல தொங்கும். பிள்ளைங்க தூங்கினாத்தான அவ தூங்க முடியும், துணி காஞ்சு இருந்தாத்தான பிள்ளைங்க தூங்கும்.

அப்போ அக்கம்பக்கத்துல இருந்து பழைய வேட்டியெல்லாம் வந்துச்சு. பச்சப்பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், துவைச்சுத் துவைச்சு நைஞ்ச வேட்டிதான் சுகம். மதினி அதை வெந்நியில போட்டு அலசி, அடுப்புக்கு மேல காயவச்சு, சர்ர் சர்ருன்னு கிழிச்சுக் குடுத்தா. தைக்கவே வேண்டாம், இப்படியே சுத்துன்னா. சுத்தினாங்க. பையன் ஒரு உதை விட்டான், துணி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பாயெல்லாம் ஈரம். நூலும் பிசிறும் பிள்ளை கால்ல சுத்திக்கிட்டுச்சு. அது ஆகல.

ம் சொன்னியா? கேக்கலையே. ஆ, சரி.

அப்புறம் வேலம்மா, கையாலயாவது தைக்கிறேன் மதினின்னு கெஞ்சினா. பிள்ளை இடுப்புல கட்டுறதுக்கு முக்கோணமா வெட்டி, நடுவுல ரெண்டு மடிப்பு வச்சு, ஓரத்தை வெளிப்பக்கம் மடிச்சு, முனையில நாடா வச்சுத் தச்சா. தையல் உடம்புல படாம வெளிய இருக்கணும், இல்லேன்னா தொடை சிவந்து போகும். அவ ஒண்ணு தைக்கிறதுக்குள்ள பிள்ளைங்க நாலு நனைச்சிருக்கும். தூக்கக் கலக்கத்துல சுருக் சுருக்குன்னு விரல்ல குத்திக்கிட்டா. நடுவுல கண்ணு ஒரு நிமிஷம் சொருகிருச்சு. முழிச்சுப் பார்த்தா, கையில நூல் இருக்கு, ஊசியைக் காணோம்.

எந்தத் துணிக்குள்ள போச்சோ? பிள்ளைங்க மேல இருந்ததை எல்லாம் உருவிப் போட்டா. ரெண்டையும் வாழை இலையில அம்மணமாப் போட்டுட்டு, அவளும் மதினியும் ஒவ்வொரு துணியாத் தடவிப் பார்க்கிறாங்க. தச்ச மடிப்பைப் பிரிச்சுப் பார்க்கிறாங்க. பிள்ளைங்க குளிர்ல வீல் வீல்னு கத்துதுங்க. கடைசியில மதினிதான் பார்த்தா. வேலம்மாவோட தோள்ல, சேலையில, ஊசி பளிச்சுனு நிக்குது. கண்ணு சொருகும்போது அவளே குத்தி வச்சுக்கிட்டது.

மதினி திட்டக்கூட இல்ல. ஊசியை எல்லாம் பிடுங்கித் தன் முந்தியில முடிஞ்சுக்கிட்டா. வேலம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்து அழுதா. சத்தம் வராத அழுகை, அலுத்துப்போன அழுகை.

ம்.

அப்புறம் மறுநாள் மத்தியானம். மதினியும் மனுஷிதான, துவைச்சுத் துவைச்சு ஓஞ்சுபோயி அடுப்படியில அப்படியே சாஞ்சுட்டா. பிள்ளைங்க ரெண்டும் கத்துதுங்க. வேலம்மா பால் குடுத்தா, தூளியில ஆட்டினா, தோள்ல போட்டுத் தட்டினா. ஒண்ணும் கேக்கல. எப்படியும் கத்தத்தான போறீங்க, நாலு துணியாவது தைக்கிறேன்னு வெங்காயக் கூடையை இறக்கி வச்சா, போர்வையை எடுத்தா. மதினி ஊசியை எல்லாம் முடிஞ்சாளே தவிர, மெஷின்ல மாட்டியிருந்த ஊசியை மறந்துட்டா பாரு. வேலம்மா கால வச்சா.

கட கட கட கட.

வீடு கப்சிப். பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சோன்னு வேலம்மா எந்திரிச்சு ஓடி மூக்குல விரல் வச்சுப் பார்த்தா. மூச்சு மெத்து மெத்துனு வருது. ரெண்டும் தூங்குதுங்க. அவ நிமிர்றதுக்குள்ள பையன் மூஞ்சிய சுளிச்சான், பொண்ணு வீல்னா. ஓடிப்போய் மிதிச்சா, கட கட. கப்சிப். நிறுத்தினா வீல். மிதிச்சா கப்சிப்.

அந்தச் சத்தத்துல மதினி முழிச்சு, சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தா, கிழிகிழின்னு கிழிக்கணும்னு. வாயத் திறந்தவ, தூளியைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா.

"வயித்துக்குள்ள இருந்து இதத்தான கேட்டுச்சுங்க மதினி. இதான் இதுங்களுக்குத் தாலாட்டு"ன்னா வேலம்மா. சொல்லும்போதே கண்ணுல தண்ணி. "நான் கால எடுத்தா இதுங்க முழிச்சுக்கும். இதுங்களுக்குத் தூக்கம் வந்துருச்சு, எனக்கு எப்ப மதினி வரும்?"

மதினி மெஷின் பக்கத்துல வந்து நின்னா. அப்புறம், "எந்திரி புள்ள"ன்னா.

மதினிக்குத் தைக்கத் தெரியாது. மிதிச்சா சக்கரம் பின்னாடி சுத்துது, நூல் டப்புனு அறுந்துச்சு. வேலம்மா நூலைக் கழட்டி, துணியை உருவி, வெறும் மெஷினை மதினிகிட்ட விட்டா. சக்கரத்தை ஒரு கையால முன்னாடி தள்ளிக்கிட்டே மிதிங்க மதினின்னா. கடக்... கடக்... அப்புறம் கட கட கட. வேலம்மா பாயில சாஞ்சுக்கிட்டு, கால் வலிச்சா சொல்லுங்க, நான் உடனே எந்... அவ்வளவுதான். அந்த வார்த்தைய முடிக்கல.

எதிர்வீட்டுக்காரி மெஷின் சத்தம் கேட்டு, பச்ச உடம்புக்காரி தைக்கிறாளான்னு சண்டைக்கு வந்தா. மதினி வாயில விரல் வச்சு, போன்னு கைய ஆட்டிட்டா. கால் மரத்துப்போச்சு, மாத்திக்கிட்டா. இடுப்பு வலிச்சுச்சு, மிதிச்சுக்கிட்டே இருந்தா. மழை விட்டுச்சு, கொடியில துணி காய ஆரம்பிச்சுச்சு. ஒரு தையல் விழல, மெஷின் மட்டும் ஓடுச்சு. பாயில ஒண்ணு, தூளியில ரெண்டு, மூணும் ஒரே மாதிரி வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குச்சுங்க. வேலம்மா தூங்குனா மூஞ்சி இவ்வளவு சின்னதா இருக்கும்னு மதினி அன்னைக்குத்தான் பார்த்தா. பாவம் புள்ள, இன்னும் கொஞ்ச நேரம்னு நெனச்சா. கால எடுக்கவே இல்ல.

கட... கட... கட...

கண்ணு? ம் வரலையே. சரி சரி. கதையில நூல் தீந்துபோச்சு. நீ தூங்கு, நான் இன்னும் கொஞ்சம் தட்டிக்கிட்டு இருக்கேன்.